கணைக்கால் வலி: எங்கே, எப்போது வலிக்கிறது என்பதை வைத்துச் சரிசெய்யும் வழி

காவலர் தேர்வு அறிவிப்பு வந்த மறுவாரமே எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் விடிவதற்கு முன்பே நிரம்பிவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. பள்ளியை விட்டபின் ஓடியே பார்க்காத பையன்கள் முதல் நாளே அந்த வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். முதல் வாரம் தொடையும் ஆடுசதையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வாரம் அது விட்டுவிடும். மூன்றாம் வாரம் ஒவ்வொருவராக வந்து காலைக் காட்டுவார்கள்: "அண்ணா, இந்த எலும்பு ஓரமா வலிக்குது. ஓடிட்டே இருந்தா சரியாயிடுமா?"

அந்தக் கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. சில கணைக்கால் வலிகளுக்கு ஓட்டத்தைக் குறைத்தாலே போதும். சிலவற்றுக்கு அன்றைக்கே நிறுத்த வேண்டும். அபூர்வமாகச் சிலவற்றுக்கு அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எது எந்த வகை என்பதை வலிக்கும் இடமும் நேரமும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். காவலர் தேர்வு, ராணுவத் தேர்வின் 1.6 கிலோமீட்டர், மாரத்தான், உடல் இளைக்க ஓடுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மூன்றாம் வாரம் ஏன் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கணைக்கால் எலும்பு மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்கிறது. இந்தப் புதுச் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறது. வீட்டுச் சுவரைப் பழுது பார்ப்பது போல, பழைய பூச்சைக் கொத்தி எடுத்த பிறகுதான் புதுப் பூச்சு. கொத்துகிற வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பூசி இறுகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சதையும் மூச்சும் பழகி, "இப்பதான் நல்லா ஓட வருது" என்று தோன்றும் அதே நாட்களில் எலும்பு கொத்தி வைத்த சுவராக நிற்கிறது. அப்போது வேகத்தையும் தூரத்தையும் கூட்டினால் வலி வரத்தான் செய்யும். இதில் மன உறுதிக் குறைவு எதுவும் இல்லை.

முதலில் விரலால் ஒரு சோதனை

பாயில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மடித்து மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கணைக்கால் எலும்பின் உள்பக்க ஓரம் கத்தியின் முதுகு மாதிரி விரலில் தட்டுப்படும். கணுக்காலுக்குச் சற்று மேலே தொடங்கி, இரண்டு சென்டிமீட்டருக்கு ஓர் இடமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே முழங்காலை நோக்கி வாருங்கள். வலிக்கும் ஒவ்வோர் இடத்திலும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். எலும்பின் முன் முகட்டையும், வெளிப்பக்கச் சதையையும் இதே போலப் பாருங்கள். பிறகு மறு காலிலும் செய்யுங்கள்.

போன முறை இரண்டு பையன்களுக்கு ஒரே காலையில் இப்படிப் பார்த்தேன். ஒருவன் காலில் ஏழு புள்ளிகள்: கணுக்காலுக்கு மேல் நான்கு விரல்கடையில் தொடங்கி அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்துக்கு வரிசையாக. அழுத்தியபோது முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான். இன்னொருவன் காலில் ஒரே புள்ளி. அதைத் தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டான். இருவரும் என்னிடம் சொன்ன வார்த்தை ஒன்றுதான், கணைக்கால் வலி. முதல் பையன் இரண்டு மாதத்தில் தேர்வு ஓடினான். இரண்டாமவனை அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம்.

வலி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவி, உள்பக்க ஓரத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது கூடுதல் சுமையால் எலும்பின் ஓரம் நெடுக நோவது. ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிற அளவில் சுருக்கென்று வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையால் தடவி "இந்தப் பக்கம் முழுக்க" என்று காட்டுகிறவர், ஒற்றை விரலால் "இங்கே" என்று காட்டுகிறவர், இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, உடம்பு சூடானதும் போய்விடுகிறது, மறுநாள் காலையில் திரும்ப வருகிறது

இதுதான் ஷின் ஸ்ப்ளின்ட்ஸின் தொடக்க நிலை. சரிசெய்ய மிக எளிதான நிலையும் இதுவே. ஆனால் சூடானதும் வலி போய்விடுவதால் பெரும்பாலானோர் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அந்த அரைமணி நேர நிம்மதியை நம்பித் தொடர்ந்து ஓடுகிறவர்களுக்குத்தான் பின்னால் மாதக்கணக்கில் உட்கார நேர்கிறது.

கடந்த நான்கு வாரத்தில் என்ன மாறியது என்று எழுதிப் பாருங்கள். தூரம், வேகம், வாரத்தில் எத்தனை நாள், செருப்பா ஷூவா, மண்ணா தாரா. காரணம் அநேகமாக அந்தப் பட்டியலில் இருக்கும். செம்மண் மைதானம் நல்லது, தார் ரோடு கெட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை தரையைவிடத் திடீர் மாற்றம்தான் அதிகம் பாதிக்கிறது. மண்ணில் ஓடிப் பழகியவர் ஒரே வாரத்தில் கான்கிரீட்டுக்கு மாறினாலும் வலிக்கும், ரோட்டில் ஓடிப் பழகியவர் மெரினா மணலில் திடீரென்று ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் வலிக்கும். மணலில் குதிகால் புதைவதால் ஆடுசதையின் இழுப்பு கூடுகிறது. "மணல்ல ஓடினா கால் உறுதியாகும்" என்பதை வலி இருக்கும்போது மட்டும் நம்ப வேண்டாம்.

என்ன செய்வது? ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். தினம் ஓடினால் ஒருநாள் விட்டு ஒருநாள். வேக ஓட்டம், படி ஏறி ஓடுவது, குதிக்கும் பயிற்சிகள், கயிறு தாண்டுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் கொடுத்துப் பழகுங்கள். ஓடும்போது இரண்டு வரை இருந்தால் தொடரலாம். மூன்றைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நின்று நடந்து வீடு திரும்ப வேண்டும். அதைவிட முக்கியம் மறுநாள் காலை. கட்டிலைவிட்டு இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போது நேற்றைவிட அதிகம் வலித்தால், நேற்று ஓடியது அதிகம்.

ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும். ஆனால் அது எலும்பைச் சரிசெய்யாது. தைலம் தடவலாம், ஆடுசதையை மெதுவாகப் பிடித்துவிடலாம். எலும்பின் ஓரத்தை அழுத்தி உருவக் கூடாது. ஏற்கனவே புண்பட்ட இடம் அது. "முடிச்சு இருக்கு, உடைச்சு விடறேன்" என்று யார் சொன்னாலும் காலைக் கொடுக்காதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரே குரலை அது அடைத்துவிடுகிறது. வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்போடு அவ்வகை மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

ஓட்டம் முழுக்க வலிக்கிறது, நடந்தாலும் வலிக்கிறது

ஓட்டத்தை முழுதாக நிறுத்துங்கள். இரண்டு வாரமாவது. பயிற்சி விட்டுப்போகிறதே என்று தவிக்க வேண்டாம், மூச்சைக் காப்பாற்ற வேறு வழிகள் உண்டு. சைக்கிள் ஓட்டலாம், வலி இல்லாவிட்டால் மட்டும். ஊரில் கிணறோ குளமோ இருந்து நீச்சல் தெரிந்தால் அதைவிட நல்லது கிடையாது. ஆழமான தண்ணீரில் கால் தரையில் படாமல் ஓடுவது போலவே அசைப்பது ஓட்டத்துக்கு மிக நெருங்கிய பயிற்சி. ஓட்டத்தில் மூன்று நிமிட வேகம், இரண்டு நிமிட ஓய்வு என்று செய்ததை அப்படியே தண்ணீரில் செய்யுங்கள்.

இரண்டு வாரத்தில் நடக்கும்போதான வலி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரே புள்ளியில் குத்துகிறது, இரவிலும் வலிக்கிறது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

என் முதல் அரை மாரத்தானுக்கு எட்டு வாரம் இருந்தபோது வாரத்துக்கு 15 கிலோமீட்டரிலிருந்து ஒரே மாதத்தில் 40க்குப் போனேன். முதலில் உள்பக்க ஓரம் முழுக்க ஊமை வலி. சூடானதும் போனது. பிறகு போகவில்லை. பிறகு ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது ஒரே இடத்தில் ஊசி குத்தியது போல இருந்தது. அன்றிரவு புரண்டு படுக்கும்போதும் வலித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், "எலும்பு நல்லா இருக்கு, சதைப் பிடிப்புதான்" என்றார்கள். அந்த ஒரு வரியை நம்பி இன்னும் பத்து நாள் ஓடினேன். மறுபடி வேறொரு மருத்துவரிடம் போய் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. பந்தயம் போனது, அத்தோடு நான்கு மாதமும் போனது.

மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆறத் தொடங்கி, சுற்றிலும் புது எலும்பு படியும்போதுதான் நிழலாகத் தெரியும். ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது விரிசல் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வலி ஒரே புள்ளியில் இருக்கிறது, ஓய்விலும் வலிக்கிறது என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். செலவு அதிகம்தான். முடியாவிட்டால், விரிசல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எப்போது மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாம் என்று அவரிடமே கேட்பது பாதுகாப்பான வழி.

ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நடக்கும்போதே வலிக்கிறவர்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம், விரிசலைப் பெரிதாக்கிக்கொள்வதில் லாபம் இல்லை.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உள்பக்க ஓர விரிசல்கள் ஓய்விலேயே ஆறிவிடும், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கலாம். எலும்பின் முன் முகட்டில், நடுப்பகுதியில் வருவது அப்படியல்ல. அந்தப் பக்கம் ஒவ்வொரு அடிக்கும் இழுபடுகிறது, ஆறுவது மிகத் தாமதம், தொடர்ந்து ஓடினால் எலும்பு முழுதாக முறியும் ஆபத்து உண்டு. முன் முகட்டில் ஒற்றைப் புள்ளி என்றால் ஒரு நாள்கூட ஓடாமல் மருத்துவரிடம் போங்கள்.

பத்து நிமிடம் ஓடியதும் சதை கல் மாதிரி இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது

இது எலும்பின் வலி அல்ல. கீழ்க்காலின் சதைகள் இழுவை இல்லாத உறைகளுக்குள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஓடும்போது சதை பருக்கிறது. சிலருக்கு உறை இடம் கொடுக்காததால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமும் நரம்பும் நெருக்கப்படுகின்றன. அடையாளம் தெளிவானது: ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் தொடங்கும், நின்ற சிறிது நேரத்தில் போய்விடும், ஓடாத நாளில் அழுத்தினால் எங்கும் வலிக்காது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் தரையில் 'பட் பட்' என்று அறைவது இரண்டும் முன்பக்க உறைக்குள் நெருக்கடி என்று காட்டுகின்றன.

ஓய்வும் ஐஸும் இதற்கு உதவாது. ஓடும் முறையை மாற்றினால் சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு உறையைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை வரை போகிறது. விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரிடம் போனால் ஓடுவதற்கு முன்னும் பின்னும் சதைக்குள் அழுத்தத்தை அளந்து உறுதி செய்வார்கள். இறுக்கமான பட்டையோ கட்டோ போடாதீர்கள்.

முன்பக்க வெளிச் சதை எரிகிறது, வேகமாக நடந்தாலே எரிகிறது

எலும்பை அழுத்தினால் வலிக்காமல், அதை ஒட்டிய வெளிச் சதை மட்டும் எரிந்தால், பாதத்தைத் தூக்கும் சதை களைத்திருக்கிறது. நீண்ட அடி வைத்துக் குதிகாலை முன்னால் குத்தி ஓடுகிறவர்களுக்கும், புதிதாக வேகநடை தொடங்கியவர்களுக்கும், மலைச்சரிவில் இறங்கி ஓடுகிறவர்களுக்கும் வரும். ஷூ லேஸ் கணுக்கால் முன்புறத்தில் இறுகிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரு துளை தளர்த்தினால் சரியாகிறவர்கள் இருக்கிறார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஓரடி முன்னே வைத்து, குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மட்டும் தூக்கி இறக்குங்கள். இருபது தடவை, மூன்று சுற்று. இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஒரு காலில் மட்டும் வருகிறது

ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், மழைநீர் வடிவதற்காக. தினமும் ஒரே ஓரத்தில் போய் அதே ஓரத்தில் திரும்பினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஓடுகிறது. கடற்கரையில் அலை நனைத்த ஈரமணலும் அப்படியே. மைதானத்தில் எப்போதும் ஒரே திசையில் சுற்றுவதும் இதே கதை. கூட்டம் இல்லாத நேரத்தில் திசையை மாற்றுங்கள். ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்தது. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும்.

ஓய்வெடுத்தால் போகிறது, ஓடத் தொடங்கினால் திரும்ப வருகிறது

இப்படிச் சொல்பவர்கள்தான் அதிகம். ஓய்வு வலியைத் தணித்தது, ஆனால் காலைப் பலப்படுத்தவில்லை. ஒரு மாதம் சும்மா இருந்த கால் முன்னைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது ஆடுசதைப் பயிற்சி. வீட்டு வாசல்படி போதும். முன்பாதம் படியில், குதிகால் வெளியே தொங்கட்டும். எழும்பி, மேலே ஒரு கணம் நின்று, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறங்குங்கள். இரண்டு காலில் பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதானதும் ஒற்றைக் காலில். இதையே முழங்காலைச் சற்று மடித்துக்கொண்டும் செய்யுங்கள், அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முழங்கால் மடங்கியிருக்கும்போது அடியிலுள்ள தட்டைச் சதை வேலை செய்கிறது. ஓடும்போது எலும்புக்கு வரும் சுமையைப் பெருமளவு தாங்குவதும் அதுதான். ஒற்றைக் காலில் நிறுத்தாமல் இருபத்தைந்து வந்தால் கால் தயார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் அடி எண்ணிக்கை. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 160 என்றால் வேகத்தைக் கூட்டாமல் 168க்குக் கொண்டுவரப் பாருங்கள். அடி சிறியதாகும், பாதம் உடம்புக்கு அடியில் இறங்கும், ஒவ்வோர் அடியின் அதிர்வும் குறையும். ஐந்து முதல் பத்து சதவீதம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் திரும்ப வந்தால் சாப்பாட்டைப் பாருங்கள். வெறும் வயிற்றில் ஓடி, காலையில் டீ மட்டும் குடித்து, எடை குறைக்க இரவுச் சாப்பாட்டையும் விடுகிற உடம்பிடம் எலும்பைப் பூசச் சிமெண்ட் கிடையாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, பால், தயிர் எல்லாம் எளிதில் கிடைப்பவை. வெயில் ஊரில் இருந்தும் வைட்டமின் டி குறைவு நம்மிடம் பரவலாக இருக்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை தெரிவித்துவிடும்.

பெண்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பயிற்சி கூடியபின் மாதவிடாய் தள்ளிப்போனாலோ மூன்று மாதமாக வராவிட்டாலோ, உடம்புக்கு உணவு போதாமல் எலும்பு பலவீனமாகிக்கொண்டு இருக்கலாம். கணைக்கால் வலியோடு இதுவும் சேர்ந்தால் மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூச்சத்தால் மறைத்து, பின்னால் விரிசலோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

அடிபட்டபின் கால் விண்ணென்று இறுகி, விரலை அசைத்தாலே தாங்க முடியாத வலி: உடனே அவசரப் பிரிவு. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது: ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள், மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு எலும்பு வலியும் சிவப்பும். வளரும் பிள்ளைக்கு, ஓடாத நாட்களிலும் இரவில் எழுப்பும் வலி. அதை "வளர்ற வலி" என்று தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

வலி போய்விட்டது, எப்படித் திரும்ப ஓடுவது

மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடந்தும் வலிக்கவில்லை என்றால் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு தடவை வலியில்லாமல் முடித்தால் அடுத்த படி: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பிறகு நான்குக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. நிறுத்தாமல் அரைமணி நேரம் வர ஐந்தாறு வாரம் ஆகட்டும். மறுநாள் காலை வலித்தால் ஒரு படி கீழே. வேகம் கடைசியாகத்தான் வர வேண்டும்.

வாரம் பத்து சதவீதம் மட்டும் கூட்டு என்ற கணக்கை நான் அப்படியே பின்பற்றுவதில்லை. வாரம் ஐந்து கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது அரை கிலோமீட்டர்தான், ஐம்பது ஓடுபவருக்கு ஐந்து. மூன்று வாரம் கூட்டி நான்காம் வாரம் குறைப்பது எலும்புக்கு அதிகம் ஒத்துப்போகிறது. பூச்சு இறுக அந்த ஒரு வாரம் தேவை.

தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. வீட்டில் ஒரு வேலையை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள், வயது வரம்பும் நெருங்கியிருக்கும்.

வலி பரவலாக, லேசாக இருந்தால் வழி இருக்கிறது. மூச்சுப் பயிற்சியை முழுதாகச் சைக்கிளுக்கோ தண்ணீருக்கோ மாற்றுங்கள். வாரம் இரண்டு நாள் மட்டும் ஓடுங்கள்: தேர்வு வேகத்தில் 400 மீட்டர், நான்கு நிமிடம் நடை, மூன்று முறை. அதாவது ஒரு சுற்று 1 நிமிடம் 52 விநாடி. 1500 மீட்டரை ஒருமுறைகூட முழுதாக ஓடிப் பார்க்காதீர்கள், அதைத் தேர்வு நாளுக்கு வையுங்கள். கடைசி ஐந்து நாள் நடை மட்டும். பேனாவால் புள்ளி வைக்கும் சோதனையை நான்கு நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். புள்ளிகள் குறைந்தால் சரியான பாதை.

அவை குறையாமல் ஒரே இடத்தில் கூடி, அந்த இடம் கூர்மையாக வலிக்கத் தொடங்கினால், தேர்வு எத்தனை அருகில் இருந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் ஓடாதீர்கள். வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி அவரை விட்டுப் பேச வையுங்கள். அந்த இரண்டாவது பையனின் அப்பாவிடம் நான்தான் பேசினேன். முதலில் அவருக்குக் கோபம். எம்ஆர்ஐ படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்புக்குள் படிந்திருந்த அந்த வெள்ளைக் கறையைக் காட்டியபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மகன் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.